லியோனேவுக்கு ஒரு தராசு, கர்ணனுக்கு ஒரு தராசு

தமிழ்ச் சிற்றிதழ் வாசகர்களுக்கு ‘உலக சினிமா’ என்பது ஒரு மந்திரச் சொல். அந்தச் சொல்லின் எல்லைக்குள் ஜப்பான் உண்டு, ஈரான் உண்டு, கொரியா உண்டு. கோடம்பாக்கம் மட்டும் கிடையாது. இந்த எல்லைக்கோட்டை வரைந்தவர் எவர், எந்த அளவுகோலைக் கொண்டு வரைந்தார் என்று கேட்பது நாகரிகமன்று என்பதுபோல் நாம் அனைவரும் நடந்துகொள்கிறோம். கேட்டுத்தான் பார்ப்போமே என்பதற்காகவே இக்கட்டுரை.

கேள்வியை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்துக்கொள்வோம். இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் ‘கௌபாய்’ படங்கள் என்றால் நம் நண்பர்களுக்கு மெய்சிலிர்ப்பு. திரை முழுவதையும் அடைத்து நிற்கும் முகங்கள், என்னியோ மோரிக்கோனேயின் சீழ்க்கை, துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பான நீண்ட மௌனம் ஆகியவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அதே நண்பர்களிடம், அதே காலத்தில் தமிழில் குதிரையும் துப்பாக்கியுமாகப் படமெடுத்த கர்ணனைப் பற்றிக் கேளுங்கள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்கு ஒரு சொல்லும் தயாராக இருக்கும்: ‘காப்பி’.

அந்த ஒற்றைச் சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

‘காப்பி’ என்பது குற்றமானால் முதற்குற்றவாளி யார்? லியோனேயின் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ 1964இல் இத்தாலியில் வெளியாயிற்று. அது அகிரா குரோசாவாவின் ‘யொஜிம்போ’வை (1961) ஏறக்குறையக் காட்சிக்குக் காட்சி பின்பற்றியது. இரண்டு கும்பல்கள் மோதும் ஊருக்குள் எங்கிருந்தோ ஒருவன் வருகிறான். இரு தரப்புக்கும் விலைபோவதாக நடித்து இரு தரப்பையும் அழிக்கிறான். வந்த வழியே போகிறான். வாளிருந்த இடத்தில் துப்பாக்கி, சாமுராய் இருந்த இடத்தில் க்ளிண்ட் ஈஸ்ட்வுட். முறையாக உரிமை பெறவில்லை. குரோசாவா தரப்பு வழக்குக்குப் போயிற்று. கடைசியில் உலக வசூலில் 15 சதவீதமும், ஜப்பான் உள்ளிட்ட சில கீழை நாடுகளின் விநியோக உரிமையும் குரோசாவா தரப்புக்குத் தந்துதான் சமாதானம் செய்துகொண்டார்கள். அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அந்தப் படம் 1967இல்தான் போய்ச் சேர்ந்தது. குரோசாவாவும் ஆகாயத்திலிருந்து கதையைப் பறித்தவரல்லர். ஜான் ஃபோர்டின் அமெரிக்கப் படங்களை விரும்பிப் பார்த்தவர். ‘யொஜிம்போ’வில் அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் டாஷியல் ஹாம்மெட்டின் சாயல் இருப்பதைத் திறனாய்வாளர்கள் பலர் சுட்டியிருக்கிறார்கள்.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. அந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலில் லியோனே என்ற பெயரே இல்லை. ‘இயக்கம்: பாப் ராபர்ட்சன்’ என்றிருந்தது. மோரிக்கோனே ‘டான் சாவியோ’ ஆனார். வில்லனாக நடித்த ஜான் மரியா வொலோந்தே ‘ஜான் வெல்ஸ்’ ஆனார். ஒளிப்பதிவாளர் மாசிமோ தல்லமானோ ‘ஜாக் டால்மாஸ்’ ஆனார். இத்தாலியன் எடுத்த கௌபாய் படத்தை இத்தாலியனே நம்பமாட்டான் என்ற அச்சந்தான் காரணம். பாப் ராபர்ட்சன் என்ற பெயரிலும் ஒரு மகனின் அன்பு ஒளிந்திருக்கிறது. லியோனேயின் தந்தை ‘ரொபெர்ட்டோ ரொபெர்ட்டி’ என்ற புனைபெயரில் மௌனப் படங்களை இயக்கியவர்; ராபர்ட்டின் மகன் ராபர்ட்சன். ஆயினும் அன்றைய பார்வையாளனைப் பொறுத்தவரை அது ஒரு பொய் முகவரி. ஸ்பெயினின் அல்மேரியாப் பாலை நிலத்தில் எடுத்துவிட்டு அமெரிக்க–மெக்சிகோ எல்லை என்றார்கள். நடிகர்கள் அவரவர் மொழியில் பேசினார்கள். பின்னர் குரல் சேர்த்தார்கள். ஆங்கிலம் பேசத் தெரியாத இயக்குநர் அமெரிக்காவைப் படமெடுத்தார்.

இவற்றையெல்லாம் லியோனேயைத் தாழ்த்துவதற்காகச் சொல்லவில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகும் அவரைப் பெரிய கலைஞர் என்றே கொள்கிறோம். ஏன் கொள்கிறோம் என்பதுதான் கேள்வி. எடுத்த பொருளால் அன்று, எடுத்ததை மாற்றிய விதத்தால். ஜான் ஃபோர்டின் மேற்கில் ஒரு சமூகம் உருவாகிக்கொண்டிருந்தது. தேவாலயம், பள்ளிக்கூடம், திருமணம் என்று ஓர் ஊர் எழுந்தது. லியோனேயின் மேற்கில் ஊர் கிடையாது, சவப்பெட்டி செய்பவன் மட்டும் சுறுசுறுப்பாக இருக்கிறான். முசோலினியின் ஆட்சியில் பிறந்து, போரின் இடிபாடுகளில் வளர்ந்த ஒரு ரோமாபுரிக்காரனின் அவநம்பிக்கை, கடன்வாங்கிய உடுப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. அதுவே அவருடைய சொந்தச் சரக்கு.

நாம் புகழும் அழகும்கூடச் சிக்கனத்தின் பிள்ளை. அப்படங்கள் ‘டெக்னிஸ்கோப்’ என்ற முறையில் எடுக்கப்பட்டவை. வழக்கமாக ஒரு சட்டகத்துக்குப் படச்சுருளில் நான்கு துளை உயரம் வேண்டும். இம்முறையில் இரண்டே போதும். படச்சுருள் செலவு பாதி. அகலத்திரைக்கென்று தனி ‘அனமார்ஃபிக்’ லென்ஸும் தேவையில்லை. சாதாரணக் குறுங்குவிய லென்ஸே போதும். அதனால், அருகில் இருக்கும் முகமும் தொலைவில் நிற்கும் மனிதனும் ஒருசேரத் துலங்கினார்கள். லியோனேயின் புகழ்பெற்ற முகக்காட்சிகளுக்குப் பின்னால், காசை மிச்சம்பிடிக்க நினைத்த தயாரிப்பாளரின் கணக்குப் புத்தகமும் இருக்கிறது. நம் ஊர்ப் படத்தில் இதே சிக்கனம் தெரிந்தால் ‘பட்ஜெட் பற்றாக்குறை’ என்போம். அல்மேரியாவில் தெரிந்தால் ‘அழகியல்’ என்போம்.

லியோனே தனிமரமும் அல்லர். அவருக்கு முன்பே ஜெர்மானியர்கள், கார்ல் மே எழுதிய கதைகளைக் கொண்டு, யூகோஸ்லாவியாவின் மலைகளில் ‘வின்னெட்டூ’ வரிசைப் படங்களை எடுத்தார்கள். 1962இல் ஹரால்ட் ரைன்ல் தொடங்கிவைத்தார். அவருக்குப் பின் இத்தாலியிலிருந்து நூற்றுக்கணக்கில் கௌபாய் படங்கள் வந்தன. பெரும்பகுதி வெறும் பதர். பதருக்குள் மணிகளும் இருந்தன. செர்ஜியோ கொர்புச்சி ‘த கிரேட் சைலன்ஸ்’ (1968) படத்தில் பாலைவனத்தைப் பனிவெளியாக்கி நாயகனைத் தோற்கடித்துக் கொன்றார். தமியானோ தமியானியின் ‘எ புல்லட் ஃபார் த ஜெனரல்’ (1966) படத்தின் எழுத்தில் பங்குகொண்டவர் ஃப்ராங்கோ சொலினாஸ். அவரே ‘த பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ படத்துக்கும் எழுதினார். பிரெஞ்சுக் காலனியத்தைத் தோலுரித்த கை, மெக்சிகோப் புரட்சியின் போர்வையில் அமெரிக்க ஏகாதிபத்தியத்தைத் தோலுரித்தது.

இவர்களில் நமக்கு முக்கியமானவர் ஒருவர் உண்டு: என்ஸோ பார்போனி. கொர்புச்சியின் ‘ஜாங்கோ’வுக்கு (1966) ஒளிப்பதிவு செய்தவர். பின்னர் தாமே இயக்குநராகி, ஈ. பி. க்ளூச்சர் என்ற பெயரில் ‘தே கால் மீ ட்ரினிட்டி’ (1970) எடுத்தார். மேலே சொன்ன தல்லமானோவும் 1967இல் ‘பண்டிடோஸ்’ என்ற படத்தை இயக்கினார். கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் கேமராவோடு இயக்குநர் நாற்காலிக்கு வந்த கதை அது. பார்போனி ‘ட்ரினிட்டி’யை வெளியிட்ட அதே 1970இல், சென்னையில் இன்னோர் ஒளிப்பதிவாளர் அதே நாற்காலியில் அமர்ந்தார். அவர்தாம் கர்ணன்.

கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘கற்பகம்’ (1963) போன்ற குடும்பப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர் கர்ணன். நான்கு சுவர்களுக்குள் கண்ணீரைப் படம்பிடித்த அந்தக் கை, ஜெய்சங்கரைக் குதிரைமீது ஏற்றி வெட்டவெளிக்கு அழைத்துச் சென்றது. ‘காலம் வெல்லும்’ (1970), ‘ஜக்கம்மா’ (1972), ‘கங்கா’ (1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) என்று தொடர்ந்தது. அடுத்த மாநிலத்தில் கே. எஸ். ஆர். தாஸ் இயக்கி நடிகர் கிருஷ்ணா நடித்த ‘மோசகால்லகு மோசகாடு’ 1971இல் வந்தது. அதைத் தமிழிலும் ‘மோசக்காரனுக்கு மோசக்காரன்’ என்று பார்த்தார்கள். கர்ணனின் முதல் கௌபாய் படம் அதற்கும் ஓராண்டு மூத்தது. பாப் ராபர்ட்சன் என்றோ க்ளூச்சர் என்றோ அவர் முகமூடி போட்டுக்கொள்ளவில்லை. கர்ணன் என்ற பெயரிலேயே படமெடுத்தார்; தமிழ்நாட்டின் டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கியவனும் அந்தப் பெயரை நம்பியே வந்தான். 2012 டிசம்பரில் சென்னையில் காலமானார்.

இனி, நம் மரபு இந்த வழக்கை எப்படித் தீர்த்திருக்கும் என்று பார்ப்போம். தமிழ் படித்தவர்கள் ‘காப்பி’ என்ற சொல்லைக் கையாளும்போது நமக்கு வியப்பாகவே இருக்கிறது. ஏனெனில் இதற்கெனத் துல்லியமான கலைச்சொற்களை வைத்திருக்கும் மொழி இது. முதல்நூல், வழிநூல் என்று தொல்காப்பியம் பிரித்தது. வழிநூலின் வகைகளுள் பிறமொழி நூலை முறைப்படப் பெயர்த்து யாப்பதையும் ஒன்றாக வைத்தது. நன்னூல் ‘சார்பு நூல்’ என்ற மூன்றாவது வகையையும் சேர்த்தது. வழிநூல் செய்பவன் முன்னோன் கருத்தை ஏற்பதோடு தான் வேண்டும் வேறுபாட்டையும் சொல்லவேண்டும் என்பது அதன் விதி. எங்கிருந்து எடுத்தாய் என்பதோடு அந்த விதி நிற்கவில்லை. நீ சேர்த்த வேறுபாடு எது என்றும் கேட்கிறது. கம்பனை வான்மீகியின் ‘காப்பி’ என்று எவரும் சொல்லாமல் இருப்பது இந்த இரண்டாம் கேள்வியினால்தான். இந்தக் கணக்கில் ‘யொஜிம்போ’வுக்கு லியோனேயின் படம் வழிநூல்; கர்ணனின் படங்கள் சார்பு நூல்கள்.

தொலைவுக்குப் போவானேன்? நாம் வாழும் புதுச்சேரியையே எடுத்துக்கொள்வோம். 1910 முதல் 1920 வரை இவ்வூரில் தங்கியிருந்த வ. வே. சு. ஐயர் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் ‘விவேகபோதினி’யில் வந்தது. தமிழின் முதல் நவீனச் சிறுகதை என்று நாம் வகுப்பறைகளில் கற்பிக்கிறோம். முதல் எது என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது, அது வேறு வழக்கு. அக்கதை தாகூரின் ‘காட்டேர் கதா’வின் தழுவல் என்பதும் தெரிந்ததே. அங்கே ஆற்றுப் படித்துறை கதை சொல்கிறது, இங்கே குளக்கரை மரம் கதை சொல்கிறது. இரண்டிலும் ஒரு பெண் நீரில் மறைகிறாள். கதை வெளியானதும் ஐயர் பெயரிலன்று, அவர் மனைவி பாக்கியலட்சுமி அம்மாள் பெயரில். பிறர் கதை, பொய்ப் பெயர்! பாப் ராபர்ட்சனுக்கு அரை நூற்றாண்டு முன்பே பாண்டிச்சேரியில் நடந்த காரியம் இது.

இதனால் ஐயர் சிறியவராகிவிட்டாரா? இல்லை. ருக்மிணியின் தந்தை ஆர்பத்நாட் கம்பெனி முறிந்ததால் செல்வத்தை இழக்கிறார் என்று அவர் எழுதினார். 1906இல் சென்னையில் நிகழ்ந்த அந்த வங்கி முறிவு எத்தனையோ தமிழ்க் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. வங்காளத்துப் படித்துறைக்குத் தெரியாத ஒரு துயரத்தை, சீர்வரிசையும் சம்பந்திகளின் பேராசையுமாக, நம் ஊர் மரம் அறிந்திருந்தது. அந்த வேறுபாட்டுக்காகவே அந்தக் கதை தமிழ்க் கதை.

கருவடிக்குப்பத்தில் நினைவிடம் கொண்டிருக்கும் சங்கரதாஸ் சுவாமிகளும் அப்படித்தான். புராணத்திலிருந்தும் நாட்டார் கதைகளிலிருந்தும் எடுத்தார். ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலின்’ நாடகத்தையும் தமிழ் மேடைக்குத் தழுவினார். 1922இல் இவ்வூரில் மறைந்த அவர் பெயரால்தான் புதுச்சேரி அரசு சிறந்த திரைப்படத்துக்கு விருது வழங்குகிறது. தழுவல் நாடகங்களின் தந்தை பெயரால் திரைப்பட விருது கொடுக்கும் ஊரில் அமர்ந்துகொண்டு, ‘தழுவல்’ என்ற ஒரே காரணத்துக்காக ஓர் இயக்குநரைத் தள்ளிவைக்கிறோம்.

சரி, கர்ணன் வகையறாப் படங்களில் வேறுபாடு எது? தலைப்புகளிலிருந்தே தொடங்கலாம். லியோனேயின் முதலிரு தலைப்புகளில் டாலர் இருக்கிறது; அவருடைய நாயகனுக்கோ பெயர் இல்லை. ஊரில்லாத, உறவில்லாத, காசுக்குக் கொல்கிற தனியன். இந்தத் தனியன் தமிழ்நாட்டு எல்லைக்குள் காலடி வைத்தவுடன் செத்துப்போகிறான். இங்கே முதற்கேள்வியே ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்பது. ஆகவே நம் படத்தின் பெயர் ‘எங்க பாட்டன் சொத்து’ என்று ஆகிறது. டாலர் போய்ப் பாட்டன் வருகிறான். தேடல் போய்ப் பாத்தியதை வருகிறது. ஜக்கம்மா என்பது கட்டபொம்மன் வழிபட்ட தெய்வத்தின் பெயர்; குடுகுடுப்பைக்காரர் விடியலில் வாசலில் நின்று விளிக்கும் பெயர். 1978இல் சாண்டோ சின்னப்பா தேவரின் நிறுவனம் ரஜினிகாந்தைக் கௌபாய் ஆக்கியபோது அப்படத்துக்கு ‘தாய் மீது சத்தியம்’ என்று பெயர். க்ளிண்ட் ஈஸ்ட்வுட் எந்தத் தாயின் மீதும் சத்தியம் செய்ததில்லை. குலம், தெய்வம், தாய், சொத்து: தமிழ்ச் சமூகத்தைத் தாங்கிய நான்கு தூண்களும் இந்தத் தொப்பிக்காரர்களின் படத் தலைப்புகளிலேயே நிற்கின்றன. இவற்றைக் கடந்து ஒரு தனிமனிதனைக் கற்பனை செய்ய ஏன் நம் வெகுசனக் கதையால் இயலவில்லை? இது சமூகவியல் கேள்வி, அழகியல் கேள்வியும்கூட. ‘காப்பி’ என்று சொல்லிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. அதுதான் அந்தச் சொல்லின் தீங்கு.

ஒரே தராசு என்று சொன்னபின் மறுதட்டையும் பார்க்கத்தான் வேண்டும். கர்ணன் லியோனேவுக்கு நிகர் என்று நாம் வாதிடவில்லை. நிகரில்லை. பாட்டும் நகைச்சுவைத் துணைக்கதையும் கதையின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. பெண்ணுடலை அவருடைய கேமரா அணுகிய விதத்தை எந்த மரபைச் சொல்லியும் நியாயப்படுத்த இயலாது. வணிகத்தின் கட்டாயம் என்பார்கள். கட்டாயத்தை மீறியவரைத்தானே கலைஞர் என்கிறோம்?

இவற்றைவிடப் பெரிய குறையாக நமக்குப் படுவது வேறு. கௌபாய் என்றால் மாடு மேய்ப்பவன். மேற்கத்திய வகைக் கதையின் மூலத்தில் குதிரையும் துப்பாக்கியும் மட்டுமல்ல, கால்நடையும் மேய்ச்சல் நிலமும் இருக்கின்றன. ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், மீட்டலைக் கரந்தை என்றும் திணையும் துறையுமாக வகுத்த மொழியில், ஆநிரை மீட்டு மாண்டவனுக்குச் செங்கம் வட்டாரமெங்கும் நடுகல் நிற்கும் நிலத்தில், வழிப்பறி செய்யும் ஆறலைக் கள்வரைப் பாலைத்திணையின் மாந்தராகவே வைத்த இலக்கியத்தில், கௌபாய் கதைக்கு மண் இல்லாமல் போகவில்லை. நம் படங்கள் குதிரையை எடுத்துக்கொண்டு மாட்டை விட்டுவிட்டன. தொப்பியை எடுத்துக்கொண்டு நடுகல்லை விட்டுவிட்டன. இது உண்மையான விமரிசனம். கர்ணனை உட்காரவைத்து அவர் முகத்துக்கு நேரே வைத்திருக்க வேண்டிய விமரிசனம். அதைச் செய்வதற்கு அவருடைய படங்களைப் பொருட்படுத்திப் பார்த்திருக்க வேண்டும். நாம் சிரித்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? புதுச்சேரியில் அதைத் தேடுவது பொருத்தம். பிரெஞ்சுப் படங்களையும் பிரெஞ்சு ரசனையையும் அருகிலிருந்து அறியும் வாய்ப்பு இவ்வூருக்கு மற்ற தமிழ் ஊர்களைவிட அதிகம். 1950களில் ‘கையே து சினிமா’ இதழைச் சுற்றியிருந்த பிரெஞ்சு இளைஞர்கள் செய்தது என்ன? அமெரிக்கர்களே வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய படங்களை எடுத்துக்கொண்டார்கள். ஹோவர்ட் ஹாக்ஸும் ஹிட்ச்காக்கும் கலைஞர்கள் என்று வாதிட்டார்கள். ஆந்த்ரே பஸான் கௌபாய் படங்களைப் பற்றிக் காவிய இலக்கணம் எழுதுவதுபோல் எழுதினார். அந்த நாட்டில்தான் 1969இல் லியோனேயின் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்’ படத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி நுழைவுச்சீட்டுகள் விற்றன. அமெரிக்காவிலோ அதே படம் வெட்டிச் சுருக்கப்பட்டும் ஓடவில்லை.

நம்மவர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பெற்றது அவர்களின் பட்டியலை. பெறாமல் விட்டது அவர்களின் துணிச்சலை. தம் பக்கத்துத் திரையரங்கில் ஓடும் படத்தைத் தம் கண்ணால் பார்த்து, தம் சொல்லால் மதிப்பிடும் துணிச்சல் அது. அதைக் கற்றவர்கள் எழுபதுகளில் இங்கே இருந்திருந்தால், அவர்கள் இவ்வூர்க் கொட்டகைகளில் ஜெய்சங்கர் படத்துக்குப் போய்க் குறிப்பெடுத்திருப்பார்கள். இன்றோ, பாரிசில் முத்திரை குத்தப்படாத எதுவும் நமக்குக் கலையாகத் தெரிவதில்லை. ஆட்சி கைமாறி எழுபதாண்டு கடந்தும் ரசனை கைமாறவில்லை.

ஒரு திரையிடல் குழுவில் லியோனே வரிசையோடு கர்ணனின் படம் ஒன்றையும் சேர்க்கலாமே என்று நாம் முன்வைத்தபோது, ‘கேலிக்கு ஆளாவோம்’ என்ற மறுமொழியே கிடைத்தது. படம் நன்றாயிராது என்று சொல்லவில்லை. பார்த்துவிட்டு மறுக்கவில்லை. கேலி செய்வார்களே என்ற அச்சம். தன் பெயரைப் போட்டுக்கொள்ள லியோனே அஞ்சிய அதே அச்சம்! அவரோ அதிலிருந்து ஓராண்டில் வெளியே வந்துவிட்டார். அடுத்த படத்திலேயே தன் பெயரைப் போட்டார்.

இத்தாலியப் படங்களும் ஒரு காலத்தில் கேலிக்கு ஆளானவையே. ‘ஸ்பெகட்டி வெஸ்டர்ன்’ என்ற பெயரே ஏளனமாகத் தொடங்கியது. அதை மாற்றியவர்கள் உட்கார்ந்து உழைத்தவர்கள். கிறிஸ்டோஃபர் ஃப்ரேலிங் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் 1981இல் ஒரு முழுநூல் எழுதினார். 2000இல் லியோனேயின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். படச்சுருள்களைப் புதுப்பித்தார்கள். 2014இல் கான் திரைப்பட விழாவின் நிறைவுப் படமாக, புதுப்பித்த ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ திரையிடப்பட்டது. பாப் ராபர்ட்சன் என்று ஒளிந்து நுழைந்தவர் ஐம்பதாண்டு கழித்துச் சிவப்புக் கம்பளத்தில் வந்தார். இந்தி உலகமும் தன் கடனைச் செலுத்தியது. ராமநகரப் பாறைகளுக்கிடையே எடுக்கப்பட்ட ‘ஷோலே’யில் (1975) குரோசாவாவும் லியோனேயும் அப்பட்டமாகத் தெரிந்தும், அதைப் பற்றித் தனிநூல் வந்தது, கருத்தரங்குகள் நடக்கின்றன.

தமிழில் நடந்தது என்ன? தொலைக்காட்சி விளம்பரத் துணுக்காகப் பிறந்த ஒரு சைவக் கௌபாயை வைத்து ‘குயிக் கன் முருகன்’ (2009) எடுத்து, ஆங்கிலம் படித்தவர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ எடுத்தார். அதிலும் சிரிப்புண்டு, ஆனால் அது வீட்டுக்குள் இருப்பவன் சிரிக்கும் சிரிப்பு. ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயரிட்ட அந்த நன்றியுணர்ச்சி நம் திறனாய்வில் இல்லாதது. 2023இல் கார்த்திக் சுப்புராஜின் ‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’ வந்தது. எழுபதுகளில் நிகழும் கதை. நாயகன் க்ளிண்ட் ஈஸ்ட்வுட்டின் பக்தன். அவனைப் படமெடுக்க வருபவன் சத்யஜித் ராயின் சீடன் என்று பொய்சொல்பவன். துப்பாக்கிக்கும் கேமராவுக்கும் இடையிலான போட்டியே படம். அதைப் பற்றி நாம் வாசித்த கட்டுரைகளில் லியோனே தவறாமல் வந்தார். அதே எழுபதுகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு குதிரைக்குப் பின்னால் ஓடிய தமிழர் ஒருவர் இருந்தார் என்ற நினைவு, அக்கட்டுரைகளில் அரிதாகவே தென்பட்டது.

சிவகாசியில் அச்சான லயன், முத்து காமிக்ஸ் வழியே இத்தாலிய டெக்ஸ் வில்லரையும், ‘கேப்டன் டைகர்’ என்று தமிழ்ப் பெயர் பூண்ட பிரெஞ்சு புளூபெரியையும் படித்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. ஐரோப்பியன் கற்பனை செய்த அமெரிக்காவை, அமெரிக்காவையே பார்த்திராத தமிழன் தன் கற்பனையில் மறுபடி வரைந்துகொண்டான். மூன்று கண்டங்களைக் கடந்து வந்த அந்தக் கனவுக்கு ஒரு தமிழ் வரலாறு உண்டு. அதை எழுதும் பொறுப்பை ஒரு வெளிநாட்டுப் பேராசிரியருக்காக ஒத்திவைத்திருக்கிறோமா? தியடோர் பாஸ்கரன் போன்றோர் வெகுசன சினிமாவை வரலாற்று ஆவணமாக வாசிக்கும் வழியைத் தமிழில் காட்டியிருக்கிறார்கள். அந்த வழியில் நடக்கத்தான் ஆளில்லை.

நண்பர்களிடம் நாம் வேண்டுவது இரக்கம் அன்று. கர்ணனின் படங்களைக் கண்டெடுத்துப் பாருங்கள். கிடைக்கும் பிரதிகள் தேய்ந்து வெளிறுவதற்குள் பாருங்கள். அவரோடு பணிபுரிந்த ஒளிப்பதிவு உதவியாளர்கள், சண்டைக் கலைஞர்கள், குதிரை பழக்கியவர்கள் எவரேனும் இருந்தால் அவர்களின் நினைவுகளைப் பதிந்து வையுங்கள். சிற்றிதழ்கள் ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஐரோப்பிய இயக்குநருக்குச் சிறப்பிதழ் போடும் பக்கங்களில் பத்துப் பக்கத்தை இதற்கு ஒதுக்கட்டும். பார்த்தபின் மோசம் என்று எழுதுங்கள், காரணத்தோடு எழுதுங்கள், அதுவும் மரியாதைதான். பாராமல் சிரிப்பதுதான் அவமதிப்பு.

லியோனேயை நிறுத்த ஒரு தராசு, கர்ணனை நிறுத்த ஒரு தராசு என்று இரண்டு வைத்திருப்பவனைச் சந்தையில் வணிகன் என்று சொல்வதில்லை. அவனுக்கு வேறு பெயர் உண்டு. திறனாய்வுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.